ஓய்வும் நமக்கு உரியதே
(ஓய்வு நேர உடற்பயிற்சியும் வாழ்க்கைத் தரமும் என்னும் பொருள்பற்றி வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் மக்களுக்குக் கல்வி கிட்டப் பாடுபட்டுவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், ஓய்வு நேர உடற்பயிற்சி பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இத்தலைப்பைக் கேட்டதும் உங்களுள் சிலர், "காலை முதல் மாலை வரை உழைத்துக் களைத்த உடம்புக்கு இன்னும் என்ன உடற்பயிற்சி? அஃது உண்டு கொழுத்தவர்களுக்கு உரியதன்றோ?" என்று எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோரை நான் குறை கூறமாட்டேன். உடற்கல்வி ஆசிரியனாகப் பணி தொடங்கிய நாளில் நானும் அவ்வாறே எண்ணினேன். கல் உடைக்கும் தந்தையரையும் களை பறிக்கும் தாய்மாரையும் நோக்கி, "உங்களுக்குத் தனியே உடற்பயிற்சி வேண்டா; உங்கள் தொழிலே உடற்பயிற்சி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது பிழை என்பதைக் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். அப்பிழையைத் திருத்திக்கொள்ளவே இம்மேடையைப் பயன்படுத்திக் கொள்கிறேன்.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

உடல் அசைவுக்கும் நெஞ்சின் நலத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெர்ரி மாரிசு என்னும் பிரித்தானிய மருத்துவர். இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைக் காட்டிலும், படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதய நோய் குறைவாக இருந்ததை அவர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். அசையும் உடம்பே நலமாக வாழும் என்பது அதனால் உலகுக்குத் தெரிந்தது.

ஆனால், எல்லா அசைவும் ஒன்றா? இல்லை என்கிறது பின்வந்த ஆராய்ச்சி. டென்மார்க்கு நாட்டின் கோபன்கேகன் நகரில் 1,04,046 ஆண், பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் மிகுதியாக உடலை இயக்கியவர்களிடம் இதய நோயும் இறப்பும் குறைந்திருந்தன. வேலையில் மிகுதியாக உடலை வருத்தியவர்களிடமோ அவை கூடியிருந்தன. வருவாய், கல்வி, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அவ்வேறுபாடு மறையவில்லை.

காரணம் என்னவென்று ஆய்வாளர் கூறும் விளக்கம் எளிது. விருப்பத்தோடு அரைமணி நேரம் ஓடுகிறவனின் நெஞ்சு வேகமாகத் துடித்துப் பின் அடங்குகிறது. அவ்வடக்கத்தில் அது வலுப்பெறுகிறது. சுமை தூக்குகிறவனுக்கோ எட்டு மணி நேரம் இரத்த அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது. ஒரே தோள், ஒரே முதுகு, ஒரே முழங்கால் திரும்பத் திரும்பத் தேய்கின்றன. களைத்தபோது நிறுத்தும் உரிமையும் அவனுக்கு இல்லை. மேற்பார்வையாளர் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்தலாம். ஆகவே, உழைப்பு உடம்பைச் செலவழிக்கிறது. பயிற்சி உடம்பைச் சேமிக்கிறது. செலவு மிகுந்த வீட்டுக்கே சேமிப்பு மிகுதியும் வேண்டும் அல்லவா?

நம் மாவட்டத்தை நோக்குங்கள். பர்கூர்ப் பக்கத்திலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியும் கருங்கல் குவாரிகள். போச்சம்பள்ளிப் பக்கத்தில் மாந்தோப்புகள். ஓசூரில் 1970களில் தோன்றி வளர்ந்த சிப்காட் தொழிற்பேட்டை. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து நாள்தோறும் பெங்களூருப் பக்கம் வேலைக்குச் செல்லும் கூட்டம். குவாரியில் உடம்பு தேய்கிறது. தொழிற்சாலையிலோ ஒரே இடத்தில் நின்று, விரல்கள் மட்டும் ஓயாமல் இயங்க, மற்ற உறுப்புகள் மரத்துப் போகின்றன. இரவுப் பணி முறை மாறும்போது உறக்கமும் கெடுகிறது. இவ்விரு வகையினருக்கும் ஓய்வு நேரப் பயிற்சி வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: கல் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு உடற்பயிற்சி மருந்தாகாது. அதற்குத் தூசியைத் தடுக்கும் ஏற்பாடே வேண்டும். அதை முதலாளியிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஓய்வு யார் தந்தது?

இளைஞர்களே! நமக்குக் கிடைத்துள்ள சிறிதளவு ஓய்வும் யாரும் இரக்கப்பட்டு ஈந்ததன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். அக்காலத்தில் வந்த திருத்தச் சட்டமே, ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. 1945இல் வெளிவந்த தம் நூலொன்றில், விலங்கு வாழ்விலிருந்து மனிதனை மீட்பது ஓய்வே என்றும், அவ்வோய்வைத் தரவல்லது இயந்திரமே என்றும் அவர் வாதிட்டார். நம் அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு, தொழிலாளர் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது.

பெற்றதைக் காப்பதும் கடமையே. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டப் பேரவையில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வேலை நேரம் நீண்டால் முதலில் பறிபோவது பயிற்சிக்கும் படிப்புக்கும் உரிய பொழுதே.

திடலில் உழைத்தவர், திடலில் ஆடியவர்

ஓய்வு மட்டும் போதுமா? ஆடுதற்கு இடமும் வேண்டுமே! அண்டை மாநிலமாகிய கருநாடகத்தின் தார்வாடில் 1876இல் பிறந்த பல்வாங்கர் பாலு, தாழ்த்தப்பட்ட சமூகத்தின் மைந்தர். பூனாவில் வெள்ளையர் மன்றத்துக் கிரிக்கெட் திடலில் வேலைக்குச் சேர்ந்தார். தரையைச் சமன்செய்வது, வலை கட்டுவது, பயிற்சி பெறும் வெள்ளையருக்கு மணிக்கணக்கில் பந்து வீசுவது, இவையே அவர் தொழில். மட்டையைப் பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அரிதாகவே கிட்டியது. பின்னர் இந்து அணியில் சேர்க்கப்பட்டபோதும், பூனாவில் அவருக்குத் தேநீர் வெளியே தனிக் குவளையில் தரப்பட்டது. அப்பெருமகனே 1911ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தலைமைப் பதவி அவருக்குத் தரப்படவில்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் அதைப் பெற்றார்.

ஒரே திடல் ஒருவருக்கு வேலையிடமாகவும் மற்றவருக்கு விளையாட்டிடமாகவும் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் பாடம். அரசுப் பணத்தில் பேணப்படும் பொது இடங்களை எவருக்கும் சாதியால் மறுக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு விதித்துள்ளது. ஊர்த் திடலில் கால் வைக்க நாம் எவரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை.

தாய்மார்களின் நேரம்

இதுவரை நான் பேசியது பெரும்பாலும் ஆண்களின் ஓய்வைப் பற்றியே. பெண்களுக்கு ஓய்வு உண்டா? 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடமே செலவிடுகிறான். தொழிற்சாலையில் பணி முடித்து வரும் நம் பெண்ணுக்கு அடுப்படியில் இன்னொரு பணி காத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், 2022ஆம் ஆண்டில் இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேரும், ஆண்களுள் 42 பேரும் போதிய உடலியக்கம் அற்றவர்கள் எனக் காணப்பட்டது. பூப்பெய்தியபின் சிறுமியர் திடலுக்கு வராமல் நின்றுவிடுவதை என் பணிக்காலம் முழுதும் கண்டு வருந்தியிருக்கிறேன்.

இதில் நம்பிக்கையூட்டும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வில், வாரம் 300 நிமிடப் பயிற்சியால் ஆண்கள் பெற்ற ஆயுட்பயனைப் பெண்கள் ஏறத்தாழ 140 நிமிடத்திலேயே பெற்றது புலனாயிற்று. பெண்ணின் அரைமணி வீணாகாது. அதை அவளுக்கு விட்டுக்கொடுக்க வீட்டார்க்கு மனம் வேண்டும்.

வாழ்க்கைத் தரம் என்பது கூரை வீடு மாடி வீடாவது மட்டுமன்று. உலக சுகாதார நிறுவனம் அதனை உடல்நலம், மனநலம், மக்களோடு உறவு, வாழும் சூழல் என்னும் நான்கு துறைகளால் அளக்கிறது. உடற்பயிற்சி இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைக்கிறது, நல்லுறக்கம் தருகிறது, மனச்சோர்வைத் தணிக்கிறது. கூடி ஆடும்போது உறவு வளர்கிறது. அச்சமின்றி நடக்கத்தக்க தெருவும் விளக்கும் கேட்கத் தொடங்கினால் சூழலும் திருந்தும்.

செய்யத் தக்கவை

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி விரைந்து நடந்தால் போதும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க வேண்டும். வாரம் இரண்டு நாள் தண்டால், உட்கார்ந்தெழுதல் போன்று தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பணம் செலவில்லாத கபடியும் கோகோவும் சிலம்பமும் நம்மிடம் உள்ளன. தாய்மார்களுக்குக் கும்மியும் நல்ல பயிற்சியே. மார்வலியோ தலைச்சுற்றலோ உடையவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. கனத்த வேலை முடித்த நாளில் உடம்பை நீட்டி மடக்குவதும் மெல்ல நடப்பதுமே போதும்.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, சங்கத்தின் மாலை வகுப்புக்கு முன் அரைமணி நேரம் திடலுக்கு ஒதுக்கப்படட்டும். வாரத்தில் மூன்று நாள் அது பெண்களுக்கே உரியதாகட்டும். இரண்டாவது, அம்மூன்று நாளும் வீட்டில் தண்ணீர் பிடிப்பதும் உலை வைப்பதும் ஆண்களின் பொறுப்பாகட்டும். இளைஞர்களே, இதனை நீங்கள் தொடங்கினால் பெரியவர்கள் பின்தொடர்வார்கள். மூன்றாவது, வரும் மே முதல் நாள் கிராம சபையில், நம் குடியிருப்புக்கு விளக்கோடு கூடிய திடல் வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணல் நமக்கு வழிகாட்டினார். அம்மூன்றையும் செய்து முடிக்க நெடுநாள் வாழும் உடம்பு வேண்டும். அவ்வுடம்பு ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும்.