பனிமூட்டமும் இரண்டு சிலைகளும்

நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஓர் ஆங்கில நாவலைப் பற்றி இன்று பேசுவோம். மலேசிய எழுத்தாளர் தான் துவான் எங் 2011இல் வெளியிட்ட அதன் பெயருக்கு 'மாலைப் பனித் தோட்டம்' என்று பொருள் சொல்லலாம்.

ஜப்பானியர் ஆட்சியில் யுன் ஹோங், யுன் லிங் என்னும் அக்காள் தங்கை இருவர் முகாமில் அடைக்கப்படுகிறார்கள். பசியையும் அடியையும் தாங்க அவர்கள் கண்ட வழி, மனத்துக்குள் ஒரு தோட்டம் போடுவது. உடலைச் சிறையிட்டவர்களால் அந்தத் தோட்டத்தைத் தொட முடியவில்லை. அதுவே அவர்களுடைய எதிர்ப்பு.

தங்கை மட்டும் பிழைக்கிறாள். அக்காள் நினைவாக அத்தகைய தோட்டம் அமைக்க, 1951இல் இம்மலைக்கு வருகிறாள். அந்தக் கலை தெரிந்தவரோ ஒரு ஜப்பானியர்! மனக்கசப்போடு அவரிடமே வேலை பழகுகிறாள்.

கதையில் இரட்டைச் சகோதரிகளின் சிலைகள் வருகின்றன. ஒருத்தி நினைவின் தேவதை. மற்றவள் மறதியின் தேவதை. மறதியின் பெயர் யாருக்கும் நினைவில்லை. பனிமூட்டமும் அப்படித்தான்: மலையை மூடும், பிறகு காட்டும். முதுமையில் யுன் லிங்கின் நினைவு மங்கத் தொடங்குகிறது. அதனால் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிறாள்.

சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத் தமிழர் பலரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.