அடுத்த வீட்டு ஓவியர்



சுங்கைப் பட்டாணியில் நாம் குடியிருந்த காலத்தில், அடுத்த வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். இளமையில் பால்மரம் சீவியவர். பின்னர்க் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியும், தோட்டக் கோயில்களில் சாமிப் படம் தீட்டியும் பிழைத்தவர். ஆசான் என ஒருவரும் அவருக்கு இலர். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) வரைந்த நாட்காட்டிப் படங்களைப் பார்த்துப் பார்த்தே கை பழகினார்.

மாலைதோறும் அவர் வாசலில் அமர்ந்து உரையாடுவோம். ஒருநாள், "கோயில் சுவரில் நான் எழுதிய மீனாட்சி கல்யாணத்தை ஒரு படம் பிடித்துக் கொடு, தம்பி" என்றார். "அடுத்த வாரம், ஐயா" என்றோம். வாரங்கள் பல கடந்தன. குடமுழுக்குத் திருப்பணியில் அச்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டனர். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. வழக்கம்போல் தேநீர் தந்தார். அதுவே இன்றும் நம் நெஞ்சைச் சுடுகின்றது.

இதே கெடாவின் யான் வட்டாரத்தில் 1936இல் பிறந்த இப்ராஹிம் ஹுசேனின் ஓவியங்களைக் கோலாலம்பூர்த் தேசியக் கலைக்கூடம் பேணுகின்றது. தோட்டத்து ஓவியனுக்கோ அண்டை வீட்டாரின் நினைவே கலைக்கூடம். ஆதலின், உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கைவேலையை இன்றே படம் பிடியுங்கள். அவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். "அடுத்த வாரம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.