என்ஜின் நின்னு போச்சா? பிரிக்கிறதா, மாத்துறதா?



தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த டீசல் என்ஜின் திடீரென்று முனகிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் பிளைவீல் அசையமாட்டேன் என்கிறது. வயலிலே பயிர் காய்கிறது. அந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "ரிங்கு மாத்திப் போடு, ஓடும்" என்பார் ஒருவர். "இரும்பு விலைக்குத் தள்ளிட்டுப் புதுசு வாங்கு" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே என்ஜினைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நானும் ஒருமுறை அப்படித்தான் அவசரப்பட்டேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் கரண்டு கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கொட்டகை மூலையில் கிடந்த பழைய என்ஜினைத் தட்டி எழுப்பினேன். ஒரே நீலப்புகை. லைனரை அளந்து பார்க்காமல் ரிங்கை மட்டும் மாற்றிப் போட்டேன். பன்னிரண்டு நாள் ஓடியது. மறுபடியும் அதே புகை, ஆயில் தண்ணியாகச் செலவு. ரிங்குக் காசும் போச்சு, ஹெட் கேஸ்கட் காசும் போச்சு. தேய்ந்த லைனரில் புது ரிங்கு உட்காராது என்பது எனக்குத் தெரியாததில்லை. பொறுமைதான் இல்லை.

அதனால் முதலில் ஸ்பானரை எடுக்காதீர்கள். என்ஜின் சுற்றுகிற நிலையில் இருந்தால், டீகம்ப்ரஷன் லீவரை இறக்கிவிட்டு, டீசலை அடைத்துவிட்டு, ஹேண்டிலால் மெள்ளச் சுற்றுங்கள். நல்ல என்ஜின் என்றால் ஒரு இடத்தில் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து நிற்கும். 'புஸ்' என்று காற்று விட்டுக்கொண்டு தாண்டினால், சத்தம் எங்கே வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஏர் பில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றுகிற வாயில் கேட்டால் ரிங்கும் லைனரும். குளிர்ச்சித் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும், அல்லது ஹெட் விரிசல் விட்டிருக்கும். வால்வும் கேஸ்கட்டும் மட்டும்தான் கோளாறு என்றால், என்ஜினை மாத்துகிற பேச்சுக்கே இடமில்லை. ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதும்.

புகையையும் பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் லோடு அதிகம், காற்று போதவில்லை, அல்லது நாசில் சரியில்லை. நாசிலை நீங்களே பிரித்து நோண்டாதீர்கள். சோதித்துச் சரிசெய்கிற பட்டறைக்கு அனுப்புங்கள். டீசல் பீய்ச்சுகிற நாசில் முன்னால் கையைக் காட்டவே கூடாது. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கையே போகிற ஆபத்து. அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, ஹெட்டையும் பிஸ்டனையும் கழற்றியாச்சு. இப்போது லைனரை அளக்க வேண்டும். பட்டறையில் போர் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். நம்மிடம் பீலர் கேஜ் இருந்தால் போதும். ஒரு புது ரிங்கை லைனரின் அடிப்பக்கம், பழைய ரிங்கு ஓடாத இடத்தில் வைத்து, பிஸ்டனாலேயே நேராகத் தள்ளுங்கள். ரிங்கின் வாய் இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே, முதல் ரிங்கு திரும்புகிற இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால், லைனர் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். கீழே 0.40 மில்லிமீட்டர், மேலே 1.30 என்று வையுங்கள். வித்தியாசம் 0.90, தேய்மானம் 0.30. எண்பது மில்லிமீட்டர் லைனருக்கு இது அதிகம். லைனர், பிஸ்டன், ரிங்கு மூன்றையும் செட்டாகவே மாற்ற வேண்டும். லைனர் தனியாகக் கழலுகிற என்ஜினாக இருந்தால், நிதானமான ஆள் இதை வீட்டிலேயே செய்யலாம்.

ஆனால் பிரிக்கிறதா மாத்துறதா என்பதைத் தீர்மானிக்கிறது பிஸ்டன் அல்ல, கிராங்கு ஷாப்ட்டும் பிளாக்கும்தான். கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்கைக் கழற்றி, கிராங்கு முள்ளில் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற கோடு இருந்தால் கிரைண்டிங்கு வேண்டும். பழைய பேரிங்கின் முதுகைத் துடைத்துப் பாருங்கள், அளவு அடித்திருப்பார்கள். 0.25 என்றிருந்தால் ஏற்கெனவே ஒருமுறை கால் மில்லிமீட்டர் இழைத்தாகிவிட்டது. பொதுவாக 0.50, 0.75, 1.00 என்று அடுத்தடுத்த அளவுகள் உண்டு. உங்கள் என்ஜினுக்குக் கடைசி அளவு பேரிங்கே போட்டிருந்தால், புது கிராங்கு விலையைக் கணக்கில் சேருங்கள். கிரைண்டிங்கு லேத் பட்டறை வேலை. அதில் வீட்டுச் சாமர்த்தியம் வேண்டாம்.

கனெக்டிங் ராடு ஒடிந்து கிராங்கு கேஸையே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், அந்த என்ஜின் மேல் பாசம் வைத்துப் பிரயோசனமில்லை. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். வார்ப்பிரும்பு வெல்டிங் சில இடத்தில் நிற்கும். மெயின் பேரிங் உட்காருகிற இடத்தில் நான் நம்ப மாட்டேன்.

இப்போது ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். சாமான்கள், லேத் கூலி என்று இரண்டே வரியில் முடிக்கிறவர்கள்தான் பிறகு தலையில் கை வைக்கிறார்கள். கேஸ்கட் செட், புது ராடு போல்ட், ஆயில், வண்டிக்கூலி, அதுவரைக்கும் பயிரைக் காப்பாற்ற வாடகை என்ஜின், எல்லாவற்றையும் எழுதுங்கள். மொத்தம் புது என்ஜின் விலையில் பாதிக்கு மேலே போனால் நான் பிரிக்கச் சொல்ல மாட்டேன். வேறு பழைய என்ஜின் வாங்குவதாக இருந்தால், சூடாக ஓட்டி வைத்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறின பிறகு, நீங்களே ஹேண்டில் போட்டுக் கிளப்பிப் பாருங்கள்.

புதுசு வாங்குகிறவர்கள் குதிரைச் சக்தியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். சுற்று எவ்வளவு என்று கேட்பதில்லை. பழைய பெரிய பிளைவீல் என்ஜின் நிமிஷத்துக்கு 650 சுற்று. புது சின்ன என்ஜின் 1500. அதே புல்லியை இதில் மாட்டினால் பம்பு இரண்டேகால் மடங்கு வேகத்தில் சுற்றப் பார்க்கும். என்ஜின் கறுப்புப் புகை கக்கித் திணறும். புல்லியையும் மாற்ற வேண்டும், அஸ்திவார போல்ட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவும் தாளில் ஏறட்டும்.

எதைச் செய்தாலும், முதல் என்ஜின் ஏன் போச்சு என்று பார்க்காமல் கிளப்பாதீர்கள். நம்ம பக்கம் முக்கால்வாசி நான் பார்த்தது ஒரே கதை. பம்பு தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாய் எடுத்து என்ஜினைக் குளிர வைக்கிறோம். பூட் வால்வில் ஒரு குச்சி மாட்டிக்கொள்ளும். பம்பு காற்று வாங்கும். குளிர்ச்சித் தண்ணீர் நின்றுபோகும். ஆள் வரப்பில் மடை திருப்பிக்கொண்டிருப்பார். பிஸ்டன் ஜாம். பூட் வால்வையும் அந்தச் சின்னக் குழாயையும் சுத்தம் செய்யாமல் புது லைனர் போட்டால் அதுவும் அதே வழிதான்.

பிரித்துக் கோத்தவர்கள் முதல் இருபது முப்பது மணி நேரம் முழு லோடு கொடுக்க வேண்டாம். சுழல் பம்பாக இருந்தால் டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தாலே லோடு குறையும்; முழுக்க மூடிவிடக் கூடாது. பிறகு ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் பாருங்கள். பொடிப்பொடியாக இரும்பு மின்னினால் பேரிங்கை இன்னொரு தடவை திறந்து பார்த்துவிடுவது நல்லது.