விசில் யார் கையில்?



இன்று ரெட்டியார்பாளையத்தில் தோழரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். உங்களில் சிலர் உடற்கல்வி ஆசிரியராகப் பி.பி.எட். படிக்கிறீர்கள். உங்களோடுதான் பேச வந்தேன்.

நான் படித்த பள்ளியில் மைதானத்தில் கல் பொறுக்கக் காலனிப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார் பி.டி. வாத்தியார். ஆட்டம் தொடங்கினால் நாங்கள் கோட்டுக்கு வெளியே. அண்ணல் அம்பேத்கருக்கோ பள்ளியில் பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். உடல்நலக் கல்வி அந்தத் தாகத்திலிருந்து தொடங்க வேண்டாமா?

1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறாண்டு கடந்துவிட்டது. இன்று பி.பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. உடற்கூறியல், நடுவர் பணி, கற்பித்தல் பயிற்சி எல்லாம் உண்டு. ஆண்கள் கபடிக் களத்தை 13க்கு 10 மீட்டர் அளந்து கோடு போடுகிறீர்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கும் கோட்டைப் பற்றியும் வகுப்பில் பேசுங்கள். கபடியில் தொட்டால் புள்ளி. அணியில் யார், மைதானம் கூட்டுவது யார், தண்ணீர்ப் பானையில் யார் கை வைப்பது, இதையெல்லாம் முடிவு செய்வது விசில் வைத்திருப்பவர். மாதவிடாய் நாளில் ஒரு மாணவி தயங்காமல் பேசுவதும் அவரைப் பொறுத்ததே.

ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் போதும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் மாதம் 5000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி அதில் குடும்பம் நடத்த முடியுமா? முழுநேரப் பணிக்குப் போராடுவோம்.

வேலை கிடைத்த முதல் நாள், கல் பொறுக்க எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நீங்களும் சேர்ந்து குனியுங்கள்.

ஜெய்பீம்.