எண்ணிய சொல்லே ஏற்றம் தரும்



சங்கரன்கோவில் அருள்மிகு சங்கரநாராயண சுவாமி திருக்கோயிலுக்கு வருவோர் மூன்று சந்நிதிகளைத் தொழுது மகிழ்கின்றனர். ஒருபுறம் சங்கரலிங்கப் பெருமான், மறுபுறம் கோமதி அன்னை, இடையே சங்கரநாராயணர். இந்த நடுச்சந்நிதியின் பெருமைக்கு ஒரு சொற்போரே வாயிலாயிற்று என்பது இத்தலத்து வரலாறு.

சங்கன், பதுமன் என்போர் நாக அரசர் இருவர். சிவபெருமானே பெரியவர் என்றான் சங்கன். திருமாலே பெரியவர் என்றான் பதுமன். இருவருடைய பக்தியிலும் குறையில்லை. குறை நாவில் இருந்தது. தன் தெய்வத்தைப் போற்றத் தொடங்கிய நா, மற்றவன் தெய்வத்தைத் தாழ்த்துவதில் போய் நின்றது. வாது முற்றவே, இருவரும் அம்பிகையிடம் சென்று முறையிட்டனர்.

அன்னை அப்பொழுதே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவன் வென்றவனாகவும் மற்றவன் தோற்றவனாகவும் திரும்பியிருப்பான், பகையும் வளர்ந்திருக்கும். அன்னை விரைந்து விடை கூறவில்லை. புன்னைவனத்தில் தவம் இருந்தாள். இறைவனிடம் அவள் வேண்டியது, யார் பெரியவர் என்ற கேள்விக்குத் தீர்ப்பு அன்று. இருவரும் ஒருவராய் நிற்கும் திருக்கோலத்தின் காட்சி. ஆடித் திங்கள் உத்திராட நன்னாளில், வலப்பாகம் சங்கரனும் இடப்பாகம் நாராயணனுமாக அக்காட்சி கிடைத்தது. ஆண்டுதோறும் நிகழும் ஆடித் தபசுப் பெருவிழா இதன் நினைவே ஆகும்.

நாகர் இருவரும் கேட்டதும் சொல். அன்னை வேண்டியதும் சொல். முன்னது ஒருவரைத் தோற்கடிக்க எழுந்தது. பின்னது எவரும் தோற்காதிருக்க எழுந்தது. எண்ணிப் பேசுதல் என்பதன் உயிர்நிலை இதுவே.

திருவள்ளுவர் இதனை நன்குணர்ந்து நூல் வகுத்தார். இல்லறத்தானுக்கு உரிய அறங்களிடையே இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என மூன்று அதிகாரங்களை வைத்தார். பொருட்பாலில் அமைச்சு என்னும் அதிகாரத்தை அடுத்துச் சொல்வன்மையை வைத்தார். வீட்டில் நாவைக் காக்கப் பழகியவனே நாட்டில் சொல்லால் வெல்லத் தக்கவன் என்ற கருத்து இவ்வைப்பு முறையில் தோன்றுகின்றது.

அத்தகைய வெற்றிக்குச் சான்று வேண்டுமாயின் சங்க காலத்துக் கோவூர் கிழாரைக் காணலாம். சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானுடைய மக்களைச் சிறைப்பிடித்தான். அவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். அவர்களை யானைக்காலில் இட்டுக் கொல்லுமாறு பணித்தான். யானை வந்து நின்றது, அவையும் கூடிவிட்டது. அந்த வேளையில் கோவூர் கிழார் மன்னன் முன் நின்று பாடியதே புறநானூற்றின் 46ஆம் பாடல்.

புலவர் என்ன கூறினார் என்பதினும், எந்த முறையில் கூறினார் என்பது கருதத்தக்கது. முதலில், ஒரு புறாவின் துயர் நீக்கிய சோழர் குடியில் வந்தவன் நீ என்று மன்னனுக்கு அவன் பெருமையை நினைவூட்டினார். அடுத்து, புலவர்தம் வறுமை கண்டு தம் உணவைப் பகுத்துண்ணும் குடியில் வந்தவர் இவர்கள் என்றார். பின்னர்க் குழந்தைகளைக் காட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அவர்கள் அழுகையை மறந்திருந்தனர். அறியாத அவையைக் கண்டு மருண்டனர். இவ்வளவும் சொல்லி, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்தார். கொடியவன் என்று மன்னனை இகழவில்லை. உயிர்ப்பிச்சை கேட்டுக் கெஞ்சவும் இல்லை. மன்னன் தன் பெருமை குன்றாமலே தன் ஆணையை மாற்றிக்கொள்ள வழி திறந்து வைத்தார். குழந்தைகள் உயிர் பிழைத்தனர்.

அவர் கையில் வாளில்லை, பின்னே படையில்லை. சில அடிகளால் அமைந்த ஒரு பாட்டே இருந்தது. அதனால் அவர் பெற்றது பொன்னும் பொருளும் அன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தமிழுலகம் அவர் பெயரை நன்றியோடு சொல்கின்றது. ஒரு மனிதன் அடையத்தக்க வெற்றி இதனினும் வேறு உண்டோ?

எண்ணிப் பேசுதல் என்றால் வாய்மூடி இருத்தல் என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. அன்று கோவூர் கிழார் வாய்மூடி இருந்திருப்பின் அக்குழந்தைகள் மாண்டிருப்பர். பேச வேண்டிய இடத்தில் பேசாமையும் நாவின் குற்றமே. முகமன் கூறி மகிழ்வித்தலும் எண்ணிய பேச்சு ஆகாது. புலவர் மன்னனுக்கு உவப்பானதை மட்டும் கூறவில்லை. அவன் கேட்க வேண்டிய உண்மையை, அவன் கேட்கும் வகையில் கூறினார்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் மிகுதி. தறியில் நூல் அறுந்தால் தொழிலாளி தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்து, மீண்டும் ஓட்டுகிறார். அறுந்ததைக் கண்டும் ஓட்டினால் துணி பழுதாகும். இல்லத்திலும் கடையிலும் அலுவலகத்திலும் நிகழ்வது இதுவே. மதிப்பெண் குறைந்த மகனிடம் தந்தை சினந்து கூறும் ஒரு சொல், மாமியார் மருமகளிடையே விழும் ஒரு சொல், கடன் கேட்டு வந்த உடன்பிறந்தானிடம் வீசப்படும் ஒரு சொல் ஆகியவற்றில் உறவின் இழை அறுகின்றது. அந்நொடியில் பேச்சை நிறுத்தி, தணிந்த ஒரு சொல்லால் முடிபவர் உறவைக் காக்கின்றார். நிறுத்தாது மேலும் பேசுபவர் வாதில் வென்று, வீட்டில் தோற்கின்றார்.

ஆதலின் சொல்லுமுன் மூன்றினை எண்ணுதல் நலம். இச்சொல் உண்மையா? இது இப்பொழுது வேண்டுவதா? இதனைக் கேட்பவர் தலை நிமிர்ந்து திரும்ப இயலுமா? மூன்றற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின் தயங்காது பேசலாம். இவ்வாறு பேசுபவரை வாடிக்கையாளர் நாடுவர், மேலோர் நம்புவர், சுற்றத்தார் பிரியார். வாழ்வில் வெற்றி என்று உலகம் சொல்வது இவற்றின் தொகுதியே அன்றோ?

சங்கரநாராயணர் சந்நிதியில் திருநீறும் துளசித் தீர்த்தமும் வழங்கப்பெறுகின்றன. அவற்றைப் பெறும் அன்பர்கள் சங்கனையும் பதுமனையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். வாது செய்து வந்த அவ்விருவரும் ஒரே மூர்த்தியின் முன் ஒருங்கே கைகூப்பி நின்றனர். வீட்டில் ஒருவரோடு பேச்சற்று இருப்போர், இன்று இல்லம் திரும்பியதும் எண்ணி எடுத்த ஓர் இன்சொல்லைத் தாமே முதலில் சொல்வாராக. அதற்குக் கோமதி அன்னையின் திருவருள் துணை நிற்கும்.