அச்சுப் புத்தகமா, மின்புத்தகமா? எங்கள் அகத்தில் நடந்தது
(புனே கிளையின் ஆண்டு விழாவில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, காலையிலேயே வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் மாமிகளே, காப்பி எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மாமாக்களே, குழந்தைகளே, எல்லோருக்கும் என் நமஸ்காரம்.

அன்றாடம் படிப்பதற்கு அச்சுப் புத்தகம் நல்லதா, மின்புத்தகம் நல்லதா என்று பேச வேண்டும் என்று ஒரு மாதம் முன் செயலாளர் போன் செய்தார். "நீங்க புத்தகக் கட்சின்னு எல்லாருக்கும் தெரியும், சண்டை நன்னா களை கட்டும்" என்றார். அவருக்குத் தெரியாத விஷயம், நான் மூன்று வருஷம் முன்பே கட்சி மாறிவிட்டேன். ஏன் மாறினேன், மாறியதில் எதைத் தொலைக்க இருந்தேன் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எனக்கு ரயில்வே கணக்குப் பிரிவில் 37 வருஷ உத்தியோகம். கரக்பூர், பிலாஸ்பூர், நாக்பூர், மறுபடியும் பிலாஸ்பூர். ஒவ்வொரு மாற்றலுக்கும் கிட் பாஸில் பாத்திரம் பண்டங்களோடு 11 தேயிலைப் பெட்டி புத்தகமும் ஏறும். கூலிக்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாபுஜி, உள்ளே தண்டவாளமா?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊர்களில் தமிழ்ப் புத்தகக் கடை எங்கே இருந்தது? மெட்ராஸிலிருந்து வி.பி.பி.யில் வரும், இல்லாவிட்டால் பதிவு செய்த புக் போஸ்டில் வரும். புத்தகத்துக்கென்று தபால் இலாகா வைத்திருந்த அந்த மலிவுக் கட்டணம்தான் வடக்கே இருக்கும் நம்மைப் போன்றவர்களைத் தமிழ் படிக்க வைத்தது என்பேன். 2024 டிசம்பரில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். இப்போது கூரியரில் வரவழைத்தால் சில சமயம் புத்தக விலையும் அனுப்புகிற செலவும் ஒன்றாகிவிடுகிறது.

என் பெட்டிகளில் ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். என் அம்மா திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் இருந்தபோது, 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் வாராவாரம் வந்த "பொன்னியின் செல்வன்" பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பாகத்துக்கு ஒன்றாக ஐந்து பைண்டு செய்து வைத்திருந்தாள். மணியம் வரைந்த படங்கள் இருக்கும். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரம் இருக்கும். ஓரத்தில் அம்மா பென்சிலில் எழுதிய சலவைக் கணக்கும் இருக்கும். வேஷ்டி 4, துண்டு 6, ஜமக்காளம் 1. கைக்கெட்டிய காகிதம் அதுதான் போலிருக்கிறது. மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் இருக்கும் அமிலம் நாளாக நாளாக அந்தக் காகிதத்தையே தின்றுவிடுமாம். இப்போது புரட்டினால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. அந்தப் பத்திரிகையே 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. அம்மா இருந்திருந்தால் எதைப் பிரித்து எதை பைண்டு செய்வாளோ!

இனி கட்சி மாறிய கதைக்கு வருகிறேன். என் மனைவி என்னைவிடப் பெரிய படிப்பாளி. மத்தியானம் 1 மணிக்குச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டால் 3 மணி வரை அவளுக்கும் புத்தகத்துக்கும்தான். அந்த நேரத்தில் யார் வந்தாலும் காப்பி கிடையாது. 2021இல் ஒரு நாள் 1 மணிக்கு ரேடியோ ஓடுவதைக் கவனித்தேன். மறுநாளும் ஓடியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "கண்ணு எரியறதுன்னா, அதான்" என்றாள். எரிச்சல் இல்லை. காட்டராக்ட் ஆபரேஷன் ஏற்கெனவே ஆகியிருந்தது. இது வேறு. மாக்குலர் டீஜெனரேஷன் என்றார் டாக்டர். வயதானவர்களுக்குக் கண்ணின் பின்திரையில் நடுப்பகுதி தேய்ந்துபோவது. பக்கவாட்டில் தெரியும், நேரே பார்க்கிற இடம்தான் மங்கும். நடமாட்டத்துக்குப் பெரிய குறை தெரியாது, ஆனால் எழுத்து போய்விடும். கண்ணாடி மாற்றினால் சரியாகிற சமாசாரம் இல்லை.

பூதக்கண்ணாடி வாங்கினோம். அதில் ஒவ்வொரு சொல்லாகத்தான் தெரிகிறது, பிடித்த கை நடுங்குகிறது. நானே உரக்கப் படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் நான் தூங்கிவிடுவேன். "நீங்க தூங்கற அழகைப் பார்க்கறதுக்கு ரேடியோவே தேவலை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் படிப்பை விட்டுவிட்டாள் என்பது எனக்கு உறைத்துவிட்டது. சுவர் முழுக்கப் புத்தகம், அதில் ஒரு வரி அவளுக்கு உதவாது.

2022இல் பையன் ஆறு அங்குல மின்படிப்பான் ஒன்று வாங்கி வந்தான். இதன் சூட்சுமம் எனக்குப் பிடித்திருந்தது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் கொடுத்தால் கறுப்போ வெள்ளையோ மேலே வந்து எழுத்தாக நிற்கும். நின்ற பிறகு மின்சாரம் வேண்டாம், பக்கம் திருப்பும்போதுதான் வேண்டும். அதனால்தான் ஒரு தரம் சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. காகிதத்தைப் போலவே வெளிவெளிச்சத்தில் படிக்கலாம். எனக்கு இது போதும் என்று நான் அன்றே கட்சி மாறினேன்.

அவளுக்கு அது உதவவில்லை. இங்கிலீஷில் சொற்கள் சின்னவை. நம் தமிழில் "சொல்லிக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரே சொல்! எழுத்தை அவளுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால் இந்த ஒரு சொல்லே இரண்டு வரியாக உடைந்துவிடுகிறது. பிறகு பத்து அங்குல டேப்லெட் வந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, திரைக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் அச்சுக் கணக்குக்கு நாலு பக்கம் நகர்ந்திருக்கும். அன்று மத்தியானம் ரேடியோ ஓடவில்லை.

வீட்டில் கண் மங்கியவர்கள் இருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். மின்புத்தகம் என்று சொல்வதெல்லாம் ஒன்றில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்து வைத்தவை. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பமானது. அதில் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த வகையில்தான் வரி தானாக மடியும். அதுவும் இலவசம். யாரும் பூட்டு போடவில்லை, நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம்.

பூட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. காசு கொடுத்து வாங்கும் மின்புத்தகம் பல சமயம் நமக்குச் சொந்தமில்லை, படிக்க அனுமதி மட்டும்தான். 2009இல் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம், பணத்தையும் திருப்பினார்கள், பிற்பாடு மன்னிப்பும் கேட்டார்கள். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையையே மூடி, பணத்தைக் கொடுத்துப் புத்தகங்களை எடுத்துக்கொண்டது. என் அம்மாவின் பைண்டை அப்படி யாரும் வந்து கேட்க முடியாது.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவர் கையில் இருந்தவை ஓலைச்சுவடிகள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். அச்சுதான் புள்ளியைக் கண்ணுக்குக் காட்டியது. அதே வேலையை இன்று டேப்லெட் என் மனைவிக்குச் செய்கிறது. இந்த வாதத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பேத்தி விடவில்லை.

அவளுக்கு 9 வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், ஹிந்தி, மராத்தி. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. போன வருஷம் ஒரு நாள் நானும் பாட்டியும் ஆளுக்கொரு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "தாத்தா, ரிடையர் ஆனப்புறமும் ஏன் ஆபீஸ் வேலை பண்ணிண்டே இருக்கே?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் படிக்கிறோம் என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை!

அவளுடைய அப்பன் தமிழ் படிக்கக் கற்றது எப்படி? பிலாஸ்பூரில் அம்மை போட்டு மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோது, தலைமாட்டில் கிடந்த அந்த பைண்டின் படங்களைப் பார்த்து, குதிரையில் போகிறவன் யார், அப்புறம் என்ன ஆச்சு என்று நச்சரித்தான். "நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்று அவன் அம்மா சிலேட்டை எடுத்துக் கொடுத்தாள். தலைமாட்டில் டேப்லெட் கிடந்திருந்தால் அவன் கிரிக்கெட் பார்த்திருப்பான்.

மறுநாளே பரண் பெட்டியை இறக்கி, ஹாலில் தரையோடு இருக்கிற தட்டில் ஐந்து பைண்டையும் வைத்தேன். "எல்லாம் உதிரப் போறது, குழந்தை கையில குடுக்கறேளே" என்றாள் மனைவி. உதிரத்தான் செய்தது. ஆனால் பேத்தி நின்றது கதையில் இல்லை, சலவைக் கணக்கில். 4, 6, 1 என்ற எண்கள் தெரிகின்றன, பக்கத்தில் இருப்பது என்ன? கொள்ளுப்பாட்டி கையெழுத்து என்றதும் விடவில்லை. பாட்டிக்கு அந்தப் பென்சில் எழுத்து தெரியாது. நான் படித்தேன். வேஷ்டி, துண்டு.

எழுத்துப் பயிற்சிக்கு இப்போது பாட்டியின் டேப்லெட்தான் அரிச்சுவடி. குழந்தைக்கு வேண்டிய அளவுக்குப் பெரிய எழுத்து அதில் ஏற்கெனவே இருக்கிறது! மத்தியானம் பள்ளி இல்லாத நாட்களில் இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, இவள் எழுத்துக் கூட்ட, அவள் திருத்த, பக்கம் நகர்கிறது. "ற" வும் "ர" வும் இன்னும் குழப்பம்தான். எனக்குக் காப்பி 3 மணிக்குமேல்தான்.

என் அலமாரியில் இரண்டு பிரதிகளாக இருந்தவை, நான் இனி மின்புத்தகமாகவே படித்துக்கொள்ளக் கூடியவை என்று இரண்டு அட்டைப்பெட்டி நிறைய வெளியே மேஜைமேல் வைத்திருக்கிறேன். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மேல்தட்டில் வைக்காதீர்கள். பைண்டு ஐந்தும் அதில் இல்லை. தேட வேண்டாம்.

காப்பி வந்துவிட்டது போலிருக்கிறது. நமஸ்காரம்.