கருந்துளை வீரனும் கணக்கும்
(வாசகசாலைக் கூட்டமொன்றில் கதை எழுதும் வாலிபர்களிடையே பேசியது)



கருந்துளையின் சக்தியைக் கையிலே உடைய ஒரு வீரனைக் கதையில் படைப்பதானால், பௌதிக சாஸ்திரம் அவனுக்கு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். "கதைதானே அய்யா, கதைக்குக் கணக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கதையைக் கதையென்றே சொல்லி எழுதுகிறவரிடம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் பெயரைக் கடன் வாங்கினவர் அதற்கு வட்டி கட்டித்தான் ஆகவேண்டும்.

முதலாவது, கருந்துளை என்பது துளையல்ல. ஏராளமான பொருள் மிகச் சிறிய இடத்தில் நெருக்குண்டு கிடக்கும் நிலைதான் அது. அதைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் போனது எதுவும், வெளிச்சங்கூட, திரும்பி வராது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குக் கார்ல் ஷ்வார்ஸ்சில்ட் என்ற ஜெர்மானியர் 1916-ல் வெளியிட்ட விடையிலிருந்து இந்த எல்லையின் அளவு கிடைக்கிறது. சூரியனை நெருக்கினால் எல்லையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர். பூமியை நெருக்கினால் சுமார் 9 மில்லிமீட்டர். அதாவது பிள்ளைகள் ஆடும் கோலிக்குண்டு அளவு.

இப்போது உங்கள் வீரனைக் கொண்டு வாருங்கள். அவன் உள்ளங்கையில் கோலிக்குண்டு அளவில் ஒரு கருந்துளை சுழல்கிறது என்று எழுதுகிறீர்கள். அதில் இருப்பது பூமி முழுவதின் பொருள் என்பதை யோசித்தீர்களா? ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவனைப் பூமி இழுப்பதைப்போல் 40 லட்சம் கோடி மடங்கு அது இழுக்கும். எதிரி மட்டுமா போவான்? வீரன் போவான், அவன் காதலி போவாள், ஊர் போகும், பூமியே சிதைந்துபோகும். கதை முதல் பக்கத்திலேயே தீர்ந்தது.

"அப்படியானால் சின்னதாக வைத்துக்கொள்கிறேன், 70 கிலோ எடையுள்ள எதிரி ஒருவனையே கருந்துளையாக்கி விடுகிறேன்" என்பீர்கள். நல்லது. அது புரோட்டானைவிட ஏறக்குறைய 800 கோடி மடங்கு சிறியதாயிருக்கும். கருந்துளையும் கதிர் வீசிக் கரையும் என்றும், சிறியது வெகு சீக்கிரம் கரையும் என்றும் ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். இதை இன்னும் யாரும் கண்ணால் கண்டதில்லை; கணக்கு மட்டுமே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி உங்கள் 70 கிலோ கருந்துளை, ஒரு வினாடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரங்கூடத் தங்காது. போகும்போது வெளியாகும் சக்தியோ சுமார் 1,500 மெகாடன் வெடிமருந்துக்குச் சமம். 1961-ல் சோவியத் நாடு வெடித்துப் பார்த்த மிகப்பெரிய குண்டே சுமார் 50 மெகாடன்தான். அப்படிப்பட்ட குண்டுகள் முப்பதை ஒரே தெருவில் வெடித்த வீரனை யார் வீரன் என்பார்கள்?

மற்றொரு மூடத்தனம், கருந்துளை கண்டதையெல்லாம் உறிஞ்சும் என்பது. சூரியன் இருந்த இடத்தில் அதே எடையுள்ள கருந்துளையை வைத்தால் பூமி உள்ளே விழாது, வழக்கம்போல் சுற்றிக்கொண்டேயிருக்கும். வெளிச்சமும் சூடும் போய் நாம் குளிரில் சாவோமே தவிர, எதுவும் நம்மை உறிஞ்சாது.

நிற்க. விஞ்ஞானம் இல்லை இல்லை என்று மட்டும் சொல்லுவதாக நினைக்காதீர்கள். புராணக்காரர் கற்பனைக்கும் எட்டாத வல்லமைகளை அது கொடுக்கிறது. கருந்துளையின் அருகில் காலம் மெதுவாய் ஓடும். கிறிஸ்டோபர் நோலன் எடுத்து 2014-ல் வெளிவந்த இன்டர்ஸ்டெல்லர் என்ற படத்தில், கருந்துளைக்கு அருகிலுள்ள ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் கழிந்தால் வெளியே ஏழு வருஷம் கழிந்துவிடுகிறது. இதற்கு அந்தக் கருந்துளை ஏறக்குறைய உச்ச வேகத்தில் சுழலவேண்டும் என்று கணக்குப் போட்டவர் கிப் தோர்ன். இவர் 2017-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அந்த வல்லமைக்கு விலை என்ன? சில மணி நேரம் கழித்துக் கப்பலுக்குத் திரும்பிய தகப்பன், தன் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டதைத் திரையில் பார்த்து அழுகிறான். அங்கேதான் பார்க்கிறவர்களும் அழுகிறார்கள். கணக்கு அந்தக் கதையைக் கெடுத்ததா? கணக்கல்லவோ அந்தக் கண்ணீரைக் கொடுத்தது!

இன்னொரு வழியும் சொல்லுகிறேன். சுழலும் கருந்துளையின் சுழற்சியிலிருந்து சக்தியை எடுக்கலாம் என்று ரோஜர் பென்ரோஸ் 1969-ல் காட்டினார். உச்சமாய்ச் சுழலும் கருந்துளையானால் அதன் மொத்தச் சக்தியில் 29 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். ஆனால் எடுக்க எடுக்கச் சுழற்சி குறையும். நின்றால் அதற்குமேல் காசில்லை. உங்கள் வீரனுக்கு இதைக் கொடுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் முதல் கரைகிறது. யாருக்காகச் செலவழிப்பது, யாரைக் கைவிடுவது என்று அவன் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் வாசகன் அவனுக்காகப் பயப்படுவான்.

ஜப்பானில் கோஹெய் ஹோரிகோஷி 2014 முதல் 2024 வரை எழுதிய மை ஹீரோ அகாடெமியா என்ற சித்திரக் கதையில், 'பதின்மூன்று' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பாத்திரம் உண்டு. விரல் நுனியால் எதையும் உறிஞ்சிப் பொடியாக்கும் அந்தச் சக்திக்கும் கருந்துளை என்றே பெயர். பௌதிகக் கணக்கில் அது நிற்காது. ஆனாலும் அந்தப் பாத்திரமே மாணவர்களிடம், இந்தச் சக்தி சுலபமாய் மனிதனைக் கொல்லும் என்று எச்சரிக்கிறது; எதிரியின் சூழ்ச்சியால் அந்தச் சக்தி உடையவரையே திருப்பித் தாக்குகிறது. கணக்கில் தவறினாலும் வல்லமைக்கு விலை உண்டென்ற நாணயத்தில் ஆசிரியர் தவறவில்லை.

தோழர்களே! இவ்வளவும் வெறும் கதை விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கருந்துளை, குவாண்டம் என்ற சொற்களை மந்திரம்போல் கேட்டுப் பழகிய காதுக்கு, நாளைக்கு ஒருவன் வந்து "இந்தத் தாயத்தில் குவாண்டம் சக்தி இருக்கிறது, விலை ஐந்நூறு ரூபாய்" என்றால் அதுவும் இனிமையாகவே கேட்கும். ஆகையால் உங்கள் வீரனிடமே கேட்டுப் பழகுங்கள்: எடை எவ்வளவு? சக்தி எங்கிருந்து வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கும்? விலையை யார் கொடுக்கிறார்கள்? இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லும் வீரனைப் படைத்தால் உங்கள் கதையும் நன்றாயிருக்கும். அதைப் படிக்கிற பிள்ளை தாயத்துக்காரனிடமும் அதே நாலு கேள்வியைக் கேட்பான்.